பழைய பாய்மரப் படகை வீட்டு முற்றத்தில் சீர்செய்ய: சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்திலிருந்து கடலூர்க் கடற்கரைக்கே சுமார் 200 கிலோமீட்டர். பாய்மரப் படகு ஓட்ட இது ஏற்ற ஊர் இல்லைதான். ஆனால் பழுது பார்க்க இதைவிட வசதியான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அடிக்கும் காய்ந்த வெயில் ஒன்றே போதும். கூடவே ஃபைபர் வேலை தெரிந்த பட்டறைகள், லேத் பட்டறைகள், ஸ்டெயின்லெஸ் போல்ட்டு விற்கும் கடைகள் எல்லாம் உள்ளூரிலேயே உண்டு. சங்ககிரி, நாமக்கல் பக்கம் போனால் லாரித் தார்ப்பாய் தைப்பவர்கள் இருக்கிறார்கள். துறைமுக நகரத்தில் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டி ஒரு மாதத்தில் காய வைப்பதை இங்கே ஒரு வாரத்தில் காய வைத்துவிடலாம்.

இந்தக் கட்டுரை 12 முதல் 16 அடி நீளமுள்ள, ஒற்றைப் பாய்மரம் கொண்ட, ஃபைபரால் செய்த பழைய டிங்கிப் படகைப் பற்றியது. முதன்முதலாக வாங்குபவர் தொடங்க வேண்டியது இந்த அளவில்தான். கேபின் வைத்த பெரிய படகை வீட்டு முற்றத்தில் வைத்துச் சமாளிக்க முடியாது.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய படகைக் கெடுப்பது அலையோ வேகமோ இல்லை. உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்ட தண்ணீர்தான் கெடுக்கிறது. அதிலும் பெரும்பாலும் மழைத் தண்ணீர். தண்ணீர் எங்கே புகுந்தது, எதுவரை போனது, எப்படிக் காய வைப்பது, வழியை எப்படி அடைப்பது என்ற வரிசையில் வேலை செய்தால் படகு தேறிவிடும். பெயின்ட்டில் தொடங்கினால் அடுத்த ஆண்டு அதே படகை மறுபடி சுரண்ட வேண்டியிருக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் பாய்மரப் படகோட்டத்துக்கு நீண்ட பழக்கம் உள்ள இடம் சென்னை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கே 1911 முதல் இருக்கிறது. எனவே பழைய டிங்கியைத் தேடுபவர் சென்னைப் பக்கம்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் இருந்தால் போதும். படகின் உடலையும் மேல்தளத்தையும் அரை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல ஃபைபர் ‘டிக்’ என்று கணீரெனச் சத்தம் கொடுக்கும். அடுக்கு பிரிந்த இடமும் உள்மரம் ஊறிய இடமும் ‘டொப்’ என்று மந்தமாக ஒலிக்கும். அந்த இடங்களை சாக்பீஸால் வட்டமிடுங்கள். வட்டங்கள் எல்லாம் கிளீட் (கயிற்றை மாட்டிக் கட்டும் கொம்பு), கப்பி, கம்பி மாட்டும் தகடு ஆகியவற்றைச் சுற்றியே விழுந்திருந்தால் கவலை வேண்டாம், அது சரிசெய்யக்கூடிய நோய்தான். பாய்மரம் ஊன்றும் இடமும் பக்கவாட்டுக் கம்பி வடங்கள் இழுக்கும் இடமும் சேர்ந்தே மெத்தென்று அமுங்கினால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

பாய்மரமும் சுக்கானும் படகோடு இருக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. பாய் கிழிந்திருக்கலாம், கயிறு நைந்திருக்கலாம், பலகை உளுத்திருக்கலாம். ஆனால் அலுமினியப் பாய்மரம் இல்லாத படகை விலை குறைவு என்று வாங்காதீர்கள். அதே குறுக்குவெட்டில் இன்னொன்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

லாரியில் ஏற்றும்போது படகை வெறும் தளத்தில் வைக்கக் கூடாது. நடு முதுகெலும்புக் கோட்டில் எடை விழுமாறு பழைய டயர்களை அடுக்கி, அகலப் பட்டையால் கட்டுங்கள். மெல்லிய கயிற்றை இறுக்கினால் பக்கச் சுவரில் விரிசல் விடும். இறக்கி நிறுத்தும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். 20 அடி அலுமினியக் கம்பத்தை நிமிர்த்தும்போது மேலே செல்லும் லைனில் பட்டால் உயிர் போகும். மின்கம்பி செல்லும் தெருவில் பாய்மரத்தை நிமிர்த்தவே வேண்டாம்.

காய வைத்தல்

கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றுங்கள். எந்தத் திருகு எந்த ஓட்டையில் இருந்தது என்று போன் கேமராவில் படம் எடுத்து, சிறு பைகளில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். படகு கவிழ்ந்தாலும் மிதக்க வைக்கும் காற்றறைகளின் மூடிகளைத் திறந்துவிடுங்கள். மூடியே இல்லாத காற்றறை என்றால், வட்டமான ஆய்வு மூடி ஒன்றைப் பொருத்துவதற்காக ஓட்டை போடுவது நல்ல முதலீடு. உள்ளே வருடக்கணக்கில் தேங்கிய தண்ணீர் குடம் குடமாக வெளியே வரக்கூடும்.

பிறகு படகைக் கவிழ்த்து, அணியம் (படகின் முன்பகுதி) சற்று உயர்ந்து பின்புறம் தாழ்ந்திருக்குமாறு வையுங்கள். கட்டைகளின் கீழ் கருங்கல் அல்லது சிமென்ட் பிளாக் கொடுங்கள். நம் ஊர் மண்ணில் கட்டையை நேராக ஊன்றினால் கரையான் ஏறிப் படகின் மரச் சட்டத்துக்கே வந்துவிடும். மேலே தார்ப்பாய் போடுவதானால் அது படகைத் தொடாமல், பந்தல்போல் உயர்ந்து நிற்க வேண்டும். உடலோடு ஒட்டிக் கிடக்கும் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே வேக வைக்கும்.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, ஒரு சாண் அகல பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடிப்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சேலத்தில் மார்ச் வெயிலில் இது வேகமாக நடக்கும். ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டில் வைத்து வேலை செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்தில், படகு காய்வதற்குப் பதில் இன்னும் ஈரம் குடிக்கும். ஃபைபர் வேலைக்கான பிசினான ரெசினும் குளிரில் சரியாக இறுகாது. 15 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் நாள் கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். மலையில் வைத்துத் தச்சு வேலை செய்யுங்கள், ஃபைபர் வேலையை அடிவாரத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிட்டிங் ஓட்டைகள்

இந்த வேலையை அவசரப்படாமல் செய்யச் சொல்வேன். படகின் பாதிப் பிணி இங்கேதான்.

மேல்தளம் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட் அல்லது பால்சா மரம் வைத்துச் செய்தது. கிளீட்டின் திருகைக் கழற்றித் தூக்கினால் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை ஓட்டைக்குள் விட்டுப் பக்கவாட்டில் சுரண்டிப் பாருங்கள். வெளிறிய, உலர்ந்த மரத்தூள் வந்தால் தப்பித்தீர்கள். கறுத்து, புளித்த வாடை அடிக்கும் கூழ் வந்தால் தண்ணீர் பல ஆண்டுகளாக அந்த வழியில் இறங்கியிருக்கிறது.

கெட்டது விரல் அகலம் மட்டுமே என்றால் இப்படிச் செய்யலாம். 6 மி.மீ. போல்ட்டு போகும் ஓட்டையை, மேல் தோலையும் உள்மரத்தையும் மட்டும் துளைத்து 12 மி.மீ. ஆக்குங்கள். கீழ்த் தோலைத் தொட வேண்டாம். கெட்ட மரத்தை வளைத்த ஆணியால் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய விட்டு, கீழே டேப் ஒட்டி, சிலிக்கா பொடி சேர்த்துக் கெட்டியாக்கிய எபாக்ஸியை (இரண்டு பாகம் கலந்து இறுக வைக்கும் பசை) ஊற்றி நிரப்புங்கள். மறுநாள் நடுவில் 6 மி.மீ. துளை போடுங்கள். இனி அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொட முடியாது. ஓட்டையின் மேல் விளிம்பைக் கொஞ்சம் சரிவாக வழித்துவிட்டால் சீலன்ட் அங்கே ஒரு வளையமாக நின்று அடைக்கும்.

சீலன்ட் பாலியூரித்தேன் வகையாக இருக்கட்டும். பாத்ரூமுக்கு விற்கும் சிலிக்கான் வேண்டாம். அது ஒட்டிய இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. ஃபிட்டிங்கை வைத்து, சுற்றிலும் சீலன்ட் பிதுங்கும் வரை மட்டும் முடுக்குங்கள். மறுநாள் இறுகிய பின் கடைசிக் கால் சுற்று. அப்போது போல்ட்டைத் திருப்பாமல் கீழிருக்கும் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட்டு சுழன்றால் ஒட்டிய சீலன்ட் பிய்ந்து, அடைத்த வழி திரும்பத் திறந்துவிடும். கீழே பெரிய வாஷரோ தகடோ கட்டாயம் வேண்டும்.

கெட்டது கையகலத்துக்கு மேல் என்றால் மேல் தோலைச் செவ்வகமாக அறுத்துத் தூக்கி, ஊறிய மரத்தை முழுக்க எடுத்துவிட்டுப் புது பிளைவுட் பதிக்க வேண்டும். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் அதுதான். 72 மணி நேரம் கொதிக்க வைத்தும் ஒட்டு விடக் கூடாது என்பது அதன் சோதனை. ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று வாயால் சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். ஏற்காட்டில் காப்பித் தோட்ட நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும். அலமாரிக்கு ஆகலாம், படகுக்கு ஆகாது. ஈரத்தில் அது நீடிக்காது. விளிம்புச் சட்டத்துக்குத் தேக்கு போடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க மறக்காதீர்கள்.

ஃபைபர் வேலையும் அதன் ஆபத்தும்

கடையில் ரெசின், கோபால்ட், ஹார்டனர் என்று மூன்றாகக் கொடுப்பார்கள். கோபால்ட் இறுகுவதை வேகப்படுத்தும். ஹார்டனர் என்பது ரெசினை இறுக வைக்கும் எம்.ஈ.கே.பி. என்ற பெராக்சைடு. இதில் உயிர்காக்கும் விதி ஒன்று உண்டு: கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாக ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் பொங்கித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஃபைபர் மேஸ்திரி முதல் நாளே சொன்னது இதைத்தான்: “தம்பி, ரெண்டையும் ஒரே அலமாரியில கூட வெக்காதீங்க. அளக்கற மூடியும் வேற வேறயா இருக்கட்டும்.” முதலில் ரெசினில் கோபால்ட்டைச் சேர்த்து நன்றாகக் கலக்கிவிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஹார்டனர். புதியவர்கள் கோபால்ட் முன்பே கலந்த ரெசினைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் 10 முதல் 20 மில்லி. சேலம் வெயிலில் 10 மில்லிப் பக்கமே நில்லுங்கள். வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். நண்பகலில் கலந்தால் பாதி மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டுவதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். மீந்த ரெசின் டப்பாவில் சூடேறிப் புகையும் என்பதால் வெட்டவெளியில் மண்மேல் வைத்துவிடுங்கள், குப்பைத்தொட்டியில் போட வேண்டாம்.

ஓட்டை விழுந்த இடம் 5 மி.மீ. கனம் என்றால் சுற்றிலும் 60 மி.மீ. தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போல 12 மடங்கு என்பது கணக்கு. வெறுமனே மேலே ஒரு ஒட்டுப் போட்டால் அது ஒரு பருவத்தில் பிய்ந்துவிடும். தேய்க்கும்போது என்95 முகமூடி, முழுக்கைச் சட்டை. கண்ணாடி நார்த் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் கெடுதல். பிறகு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டைச் சரிவுக்கு ஏற்ப ஒன்றைவிட ஒன்று சிறியதாக வெட்டி, பெரியதை முதலில் வைத்து அடுக்குங்கள். ஒரு மேட் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கனம் தரும். மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளை மேட் கண்ணாடிபோல் தெளிந்தால் நனைந்துவிட்டது. வெள்ளைப் புள்ளி மிஞ்சினால் உள்ளே காற்று இருக்கிறது, ரோலரால் வெளியே தள்ளுங்கள்.

எபாக்ஸி வேறு இனம். அதில் ஹார்டனர் அளவைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்காதீர்கள். விகிதம் தவறினால் இறுகவே இறுகாது, எடைத்தட்டில் வைத்து அளந்து கலக்குங்கள். பாலியெஸ்டர்மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், எபாக்ஸிமேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே எபாக்ஸி போட்ட இடத்துக்கு ஜெல்கோட் (படகின் வெளிப்புறப் பாலியெஸ்டர் மேல்பூச்சு) வேண்டாம், பெயின்ட் போடுங்கள். ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் வரும். தண்ணீர் தொட்டு நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த பூச்சு.

அடிப்பக்கத்தில் சிறு சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அது ஃபைபர் தண்ணீர் குடித்ததன் அடையாளம். கடலில்தான் இது வரும், ஏரித் தண்ணீரில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. நன்னீர் உப்புநீரைவிட எளிதாக ஜெல்கோட்டுக்குள் ஊடுருவும். கண்ணாடி அணிந்துகொண்டு கொப்புளத்தைக் குத்தினால் காடி வாடையுள்ள நீர் பீறிடும். திறந்து, நல்ல தண்ணீரில் பல முறை கழுவி, வாரக்கணக்கில் காய விட்டு, எபாக்ஸிப் பட்டியால் நிரப்புங்கள்.

பாய்மரமும் கம்பி வடங்களும்

பாய்மரத்தில் பார்க்க வேண்டியது அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் சந்திக்கும் இடங்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புநீர் தங்கினால் அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகும். ரிவிட்டைச் சுற்றிப் பெயின்ட் உப்பியிருந்தால் அதைக் கழற்றி, தடுப்புப் பசை தடவி மறுபடி பொருத்துங்கள். பாய்மரத்தின் அடியில் நீர் வடியும் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பி வடத்தின் மீது கொஞ்சம் பஞ்சை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வாருங்கள். அறுந்த இழை இருந்தால் பஞ்சு அங்கே மாட்டிக்கொள்ளும். வெறும் கையால் தடவினால் ரத்தம் வரும். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்த வடம் முழுவதையும் மாற்றுங்கள். வயது தெரியாத வடம், பத்து ஆண்டு தாண்டிய வடம் இரண்டையும் யோசிக்காமல் மாற்றுவது என் கட்சி. காற்று அடிக்கும்போது பாய்மரம் தலையில் விழுவதைவிட அந்தச் செலவு பெரிதில்லை.

சேலத்தில் உருக்காலை இருப்பதால் ஸ்டெயின்லெஸ் என்றால் நமக்கு இளக்காரம். கடையில் சும்மா கேட்டால் பெரும்பாலும் 304 கொடுப்பார்கள். மேட்டூர்த் தண்ணீருக்கு அது போதும். படகைக் கடலுக்குக் கொண்டுபோவதானால் மாலிப்டினம் சேர்ந்த 316தான் தாங்கும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனால் பில்லில் எழுதிக் கேளுங்கள்.

பாயும் கயிறும்

பழைய பாய்த் துணி பெரும்பாலும் டேக்ரான் என்ற பாலியெஸ்டர். துணிக்கு முன் வெயிலில் செத்துப்போவது தையல்தான். நகத்தால் தையலைக் கீறிப் பாருங்கள், நூல் பொடிந்தால் மறுதையல் வேண்டும். தார்ப்பாய் தைப்பவரிடம் கொண்டுபோனால் இரண்டு விஷயங்களை வற்புறுத்திச் சொல்லுங்கள்: வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூல், ஜிக்ஜாக் தையல். பருத்தி நூல் கூடாது. நேர்த்தையல் காற்றில் இழுபடும்போது அறுந்துவிடும். மடிப்புகளைப் பிரிக்காமல் பழைய தையலின் பக்கத்திலேயே ஓட்டச் சொல்லுங்கள், பிரித்தால் பாயின் வளைவு மாறிப்போகும். வாஷிங் மெஷினில் போட வேண்டாம். மென்சோப்பில் அலசி, நிழலில் காய வைத்து, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். எலி வராத இடமாக இருக்கட்டும்.

சுக்கானைப் பொறுத்தவரை, மாட்டும் ஊசி தேய்ந்து ஆடினால் லேத் பட்டறையில் நைலான் புஷ் கடைந்து போட்டால் சரியாகிவிடும். நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் சென்டர்போர்டின் அச்சு போல்ட்டுக்கு இரு பக்கமும் ரப்பர் வாஷர் புதிதாக மாற்றுங்கள். படகுக்குள் மர்மமாகத் தண்ணீர் சேருவதற்கு அந்த வாஷர்தான் பல நேரம் காரணம்.

காற்றறைகளைச் சோதிக்க, மூடிகளை மூடிவிட்டு ஒரு குழாய் வழியே வாயால் ஊதி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வரும் இடம் ஒழுகும் இடம். பங்க்சர் கடை கம்ப்ரெசரை வைக்க வேண்டாம், படகின் மூட்டே பிளந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு பெயின்ட். டூ-பேக் பாலியூரித்தேன் (இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் பெயின்ட்) நன்றாக உழைக்கும். ஆனால் அதைத் திறந்த வெளியில், பிரஷ்ஷாலோ ரோலராலோ மட்டும் பூசுங்கள். அதிலுள்ள ஐசோசயனேட்டை ஸ்ப்ரேயாக மூச்சில் இழுப்பது ஆபத்து.

தண்ணீரில் இறக்குதல்

அருகிலுள்ள பெரிய நீர்ப்பரப்பு 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம். அனுமதி இல்லாமல் இறக்காதீர்கள், நீர்வளத் துறையிடம் முதலில் கேளுங்கள். அணையின் முழு மட்டம் 120 அடி. மட்டம் நன்றாக இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கியிருந்த நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அதே போல் தெரியாமல் ஓரடி ஆழத்தில் நிற்கும் கல்லும் அடிமரமும் நிறைய. புதிதாக ஃபைபர் போட்ட அடியை அவற்றில் கொண்டுபோய்த் தேய்க்காமலிருக்க, சென்டர்போர்டைப் பாதி தூக்கி வைத்தே கரையோரம் ஓட்டுங்கள். உள்ளூர்ப் பரிசல்காரர்களுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். அவர்களின் வலைகளும் அங்கேதான் கிடக்கும் என்பதால் இறங்கும் முன் “அண்ணா, எந்தப் பக்கம் போகலாம்?” என்று கேட்டுவிடுவது இரண்டு வழியிலும் நல்லது.

முதல் நாள் பாய் ஏற்ற வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில், உயிர்காப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, படகை அரை மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்திப் பாருங்கள். கரையேறியதும் காற்றறை மூடியைத் திறந்து உள்ளே பஞ்சால் ஒற்றி எடுங்கள். பஞ்சு நனைந்தால் பாய் காத்திருக்கட்டும், ஒழுகும் இடத்தை முதலில் தேடுங்கள்.

ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி, மூடிகளைத் திறந்து வைத்து, கயிறுகளை வெயில் படாத இடத்தில் தொங்கவிட்டால் பராமரிப்பில் முக்கால் பங்கு முடிந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பர் கடைசியில், நாணயத்தை எடுத்துக்கொண்டு மேல்தளம் முழுவதையும் இன்னொரு முறை தட்டுங்கள். மந்தமாக ஒலிக்கும் புது இடம் ஏதாவது இருந்தால் அந்த ஃபிட்டிங்கை அன்றே கழற்றி, ஓட்டையை எபாக்ஸியால் நிரப்பி, சீலன்ட் மாற்றுங்கள். மழை முடியும்வரை தள்ளிப்போட்டால் அதே இடத்தில் பிளைவுட் மாற்ற வேண்டிவரும்.